அப்பாவின் 1951 பிஎஸ்ஏ பி31: விளம்பரம் போடுவதா, ஏலத்துக்கு விடுவதா?

மூத்தமகள் (கொட்டாஞ்சேனை)

வணக்கம். எங்கள் அப்பா போன ஆவணியில் காலமானார். அவருடைய பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள் இன்னும் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. 350 சிசி, 1951 ஆம் ஆண்டு வண்டி. தாத்தா புதிதாக வாங்கியது. அவருக்குப் பிறகு அப்பாவின் பெயருக்கு மாறியது. வெளியார் கைக்கு ஒரு நாளும் போகவில்லை.

இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மாவோடு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்குப் போகிறோம். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. எனக்கும் தங்கச்சிக்கும் ஓட்டத் தெரியாது. விற்கத்தான் வேண்டும் என்று மூவரும் இருந்து கதைத்து முடிவெடுத்துவிட்டோம்.

நிலைமையைச் சொல்கிறேன். கடைசியாக 2019 இல் அப்பா ஸ்டார்ட் செய்தார். கிக் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, இறுகவில்லை. டாங்கில் குரோம் மங்கி, அடியில் துரு பிடித்திருக்கிறது. பக்கத்திலுள்ள வெளிர் பச்சை பழைய நிறம்தான். சீட் உறை மாற்றியது. சைலன்சர் ஒரிஜினல் இல்லை. ஸ்பீடோமீட்டர் வேலை செய்யாது. நம்பர் பழைய இங்கிலிஷ் எழுத்து நம்பர்.

ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு மூன்றரை இலட்சம் தருகிறேன் என்றார். பெயின்ட் அடிக்காமல் இதை ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னார். லண்டனில் இருக்கும் மச்சான் அங்கே ஏலத்தில் விட்டால் பவுணில் காசு வரும் என்கிறார். எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பாவின் பொருளை ஏமாந்து கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. என்ன செய்யலாம்?

பி31பிரியன் (தெஹிவளை)

தங்கச்சி, உங்கள் அப்பாவின் இழப்புக்கு என் அனுதாபம்.

அவசரமாக ஒன்று சொல்கிறேன். அந்த டாங்கில் ஒரு துளி பெயின்டும் பட விடாதீர்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்தில், தொழிற்சாலை அடித்த நிறத்தோடு நிற்கும் பி31 ஐத் தேடினாலும் கிடைக்காது. மங்கிய குரோம் அதன் வயதுக்கு அத்தாட்சி. மேலே புது பெயின்ட் அடித்தால் அந்த அத்தாட்சி அழிந்துவிடும், வாங்குபவருக்குக் கீழே என்ன மறைந்திருக்கிறது என்ற சந்தேகமும் வரும்.

மூன்றரைக்குக் கொடுக்காதீர்கள். புரோக்கர் அதைப் பெயின்ட் அடித்து அடுத்த மாதமே விளம்பரத்தில் போடுவார்.

சிஆர் புத்தகம், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், கையில் இருக்கிறதா? அதில் யார் பெயர்? எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகின்றனவா? இவை தெரியாமல் விலையைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை.

பஞ்சிகாவத்தை

நான் பாகக் கடையில் 22 வருடம் நிற்கிறேன். பிரியன் அண்ணா சொல்வது சேகரிப்பவர்களுக்குச் சரி. ஆனால் இக்மன், ரியாசெவன போன்ற விளம்பரத் தளங்களில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவனின் கண்ணில் முதலில் படுவது மினுக்கம். துருப்பிடித்த டாங்கைப் பார்த்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவான். குரோம் வேலை செய்து, பெயின்ட் அடித்து, புது ரயர் போட்டு எத்தனை வண்டிகள் இரண்டு கிழமைக்குள் விலைப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு வீடு மாறும் அவசரம் வேறு இருக்கிறது. அதையும் யோசிக்க வேண்டும்.

பி31பிரியன்

தம்பி, நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் அப்படி விலைப்பட்ட வண்டிகளை யார் வாங்கினார்கள்? கல்யாண ஊர்வலத்துக்கும் படம் எடுக்கவும் வாங்குபவர்கள். அவர்கள் கொடுக்கும் விலைக்கு ஓர் எல்லை உண்டு.

என்னிடம் ஏஜேஎஸ் என்ற பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்று இருந்தது. 2014 இல் விற்கும்போது இதே எண்ணத்தில் முழுவதும் பெயின்ட் அடித்தேன். வந்த முதல் ஆள் காந்தத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மட்கார்டில் ஒட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒட்டவில்லை, உள்ளே பட்டி வைத்திருந்தது. அதோடு எஞ்சினைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பெயின்டுக்குச் செலவழித்த காசும் திரும்பவில்லை. இன்றைக்கும் அந்தப் பழைய நிறத்தை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

செலவழிக்க வேண்டுமானால் ஸ்டார்ட் ஆக வைப்பதற்குச் செலவழியுங்கள். டாங்கின் உட்புறத்தைக் கழுவ வேண்டும், அமால் கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும், புது எண்ணெய் விட வேண்டும். லூகாஸ் மேக்டைனோவைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தீப்பொறி தரும் மேக்னட்டோவும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் சேர்ந்தது அது. அந்த மேக்னட்டோவின் ஆர்மேச்சருக்குள் ஒரு கண்டென்சர் இருக்கிறது. வயதானால் அதுதான் முதலில் கெடும். குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும், பிறகு ஆறும்வரை எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. விற்கும் அன்று அப்படி நடந்தால் விலை பாதியாகிவிடும்.

வெளிப்புறத்துக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய துணியும் போதும்.

புதுக்கடை நொத்தாரிசு

பெயின்டை விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிஆர் அப்பாவின் பெயரில் இருந்தால், இன்றைய நிலையில் உங்களில் ஒருவராலும் இந்த வண்டியைச் சட்டப்படி விற்க முடியாது. உயில் இல்லாவிட்டால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. உங்கள் குடும்பத்தின் சொந்த இடம் யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தலாம், அப்போது பங்கு கணக்கு மாறும். மரணச் சான்றிதழ், வாரிசுகளைக் காட்டும் பத்திரங்கள், எல்லோருடைய சம்மதத்தையும் சொல்லும் சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு, மோட்டார் வாகனத் திணைக்களத்தில் உங்கள் விஷயத்துக்கு என்னென்ன தேவை என்று நேரில் கேளுங்கள். முதலில் அம்மாவின் பெயருக்கு மாற்றிவிட்டு விற்பதே துப்புரவான வழி. விளம்பரம் அதற்குப் பிறகு.

யாராவது ‘ஓப்பன் பேப்பர் தாருங்கள், மாற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வாங்குபவரின் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதுதான் ஓப்பன் பேப்பர். அந்த வண்டி நாலு கை மாறலாம். ஒரு விபத்து நடந்தால், ஒரு குற்றத்துக்குப் பயன்பட்டால், பொலிஸ் பதிவேட்டிலுள்ள பெயரைத் தேடித்தான் வரும். தமிழ்ப் பெயரில் பதிவான ஒரு வண்டி எங்கே யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் இந்த ஊரில் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை வாங்குபவரும் நீங்களும் ஒன்றாக இருந்து நிரப்புங்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்றையும், திகதியும் நேரமும் எழுதிய ஒப்படைப்புக் கடிதம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தமகள்

நன்றி ஐயா. அம்மாவின் பெயருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

பிரியன் அண்ணா, நேற்று பென்சிலும் மெல்லிய தாளும் வைத்துத் தேய்த்து இரண்டு எண்களையும் எடுத்தேன். எஞ்சினில் இசட்பி31 என்று தொடங்கும் எண். ஃபிரேமில், அதாவது சேஸியில், இசட்பி31எஸ். பின்னால் வரும் இலக்கங்கள் இரண்டிலும் வேறு வேறு! சிஆரிலும் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணா பார்த்துவிட்டு, எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், இனி விலை போகாது என்கிறார். தாத்தாவோ அப்பாவோ எஞ்சின் மாற்றியதாக அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. இரவு முழுவதும் நித்திரை இல்லை.

பி31பிரியன்

நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள் தங்கச்சி. அந்தக் காலத்து பிஎஸ்ஏயில் எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்காது. பர்மிங்ஹாம் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் இரண்டுக்கும் தனித்தனி வரிசையில் எண் அடித்தார்கள். இரண்டும் ஒரே எண்ணாக வந்தது 1960களின் பிற்பகுதியில்தான். ‘மேச்சிங் நம்பர் இல்லை’ என்று யாராவது விலை குறைத்தால் அவருக்கு பிஎஸ்ஏ தெரியாது என்று அர்த்தம். 1951 வண்டியில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் நான் பயப்படுவேன், யாரோ பிறகு அடித்திருக்கிறார்கள் என்று.

இசட்பி31 என்ற முன்னெழுத்து உங்கள் வருடத்துக்குச் சரியாக வருகிறது. எஸ் என்றால் பின்சில்லுக்கு பிளஞ்சர் சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேம். சிஆரும் வண்டியும் ஒத்துப் போவதுதான் இங்கே பெரிய விஷயம். அது உங்களிடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், விஎம்சிசி, என்று ஒன்று உண்டு. 1946 இல் தொடங்கியது. பிஎஸ்ஏ தொழிற்சாலையின் பழைய அனுப்பல் பேரேடுகள் அவர்களின் நூலகத்தில் இருக்கின்றன. எஞ்சின் எண்ணையும் ஃபிரேம் எண்ணையும் கொடுத்து, கட்டணம் கட்டினால், அந்த வண்டி என்றைக்கு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பேரேட்டில் பார்த்து எழுதித் தருவார்கள். அந்த ஒற்றைத் தாள், இரண்டு எண்களும் பிறப்பிலேயே ஒன்றாக வந்தவை என்பதை எவருடைய வாய்ப்பேச்சையும் விட உறுதியாகக் காட்டும். லண்டன் மச்சானுக்கு ஒரு வேலை கொடுப்பதென்றால் இதைக் கொடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்

நான்தான் அந்த மச்சான் மாதிரி இன்னொருவன். பத்து வருடமாக இங்கே இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் ஏலங்களுக்குப் போய்வருகிறேன். பொன்ஹாம்ஸ் என்ற ஏல நிறுவனம் ஸ்டாஃபர்டில் நடத்தும் ஏலத்தைப் பார்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

ஏலத்தில் மூன்று கணக்கு உண்டு. பட்டியலில் போடும் மதிப்பீடு, இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று நீங்கள் வைக்கும் மறைவிலை, சுத்தியல் விழும் விலை. சுத்தியல் விலையில் விற்பவரிடம் ஒரு பங்கு கழிப்பார்கள், வாங்குபவரிடமும் மேலதிகமாக ஒரு பங்கு எடுப்பார்கள். அதனால் வாங்குபவர் தன் மனதிலுள்ள தொகையில் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கை உயர்த்துவார். இரண்டு பக்கக் கழிவும் கடைசியில் விற்பவர் தலையில்தான் விழுகிறது. மறைவிலையைத் தொடாமல் நின்றால் வண்டி விற்காமல் திரும்பும், ஆனால் கொண்டுபோன செலவு செலவுதான்.

2018 ஜனவரியில் லாஸ் வேகாஸில் 1951 ஆம் ஆண்டு வின்சென்ட் பிளாக் லைட்னிங் ஒன்று 9,29,000 டொலருக்குப் போனது. உங்கள் வண்டிக்கும் அதற்கும் ஒரே வயது. ஆனால் பிளாக் லைட்னிங் செய்ததே ஏறக்குறைய முப்பதுதான், அந்த வண்டி 1953 இல் ஆஸ்திரேலியாவில் வேகச் சாதனை செய்தது, அதற்கான பத்திரங்களும் இருந்தன. பி31 சாதாரண மக்கள் வேலைக்குப் போய்வர ஓட்டிய வண்டி. இங்கே இன்னும் நிறைய ஓடுகின்றன. மச்சான் ஆசையில் சொல்கிறார், கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. முப்பது வயது தாண்டி மாற்றாமல் இருக்கும் சேகரிப்பு வாகனத்துக்கு இங்கே சுங்கவரி இல்லை, வாட் 5 சதவீதம்தான். அது ஒரு நன்மை. ஆனால் பெட்டி, கப்பல், காப்புறுதி, முகவர், ஏலக் கழிவு எல்லாவற்றையும் கூட்டினால் பி31 இன் விலை அதைத் தாங்காது.

புதுக்கடை நொத்தாரிசு

அதோடு, 1945 க்கு முன் இங்கே முதன்முதலாகப் பதிவான வாகனங்களை வெளியே அனுப்ப இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1951 வண்டி அதற்குள் வராது. என்றாலும் அனுப்புவதற்கு முன் இங்குள்ள பதிவை இரத்துச் செய்ய வேண்டும். போனால் போனதுதான், விற்காமல் நின்றால் அவ்வளவு பழைய வாகனத்தைத் திரும்ப இறக்குவது நடக்கிற காரியம் இல்லை.

காலிவீதி

வெளிநாட்டு ஏலம் சரிவராது. இங்கே ஏலம் என்றால் லீசிங் கட்டாமல் பறித்த வண்டிகளின் ஏலம்தான். பழைய வண்டிக்கென்று தனியாக இல்லை. அதனால் சிலர் பேஸ்புக் குழுவில் படம் போட்டு, ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் கூடிய விலை சொல்பவருக்கு என்று எழுதுவார்கள். நானும் என் அண்ணனின் டிரையம்பை அப்படிப் போட்டேன். ஒருவர் மற்றவர்களைத் தாண்டி இரண்டு இலட்சம் ஏற்றிக் கேட்டார். எட்டு மணிக்குப் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. இரண்டாவதாக நின்றவரைக் கூப்பிட்டேன், அது உங்களுடைய ஆள் கேட்ட பொய் விலை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். முன்பணம் வாங்காத, பெயர் உறுதி செய்யாத ஏலம் ஏலமே இல்லை.

விளம்பரம் போட்டால் வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சிஆரின் முழுப் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். ‘நான் டோஹாவில் இருக்கிறேன், வண்டி பார்க்கத் தேவையில்லை, முகவரை அனுப்புகிறேன், உங்கள் போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்பவன் திருடன். காசு போட்ட ரசீது என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். வங்கிக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போய், காசு உங்கள் கணக்கில் ஏறியதைக் கண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.

பி31பிரியன்

ஓட்டிப் பார்க்கக் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி31 இல் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ஜப்பான் வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். ஆமர் வீதிச் சந்தியில் அது நடந்தால் ஆளும் போய்விடும், வண்டியும் போய்விடும். இங்கிலீஷ் வண்டி ஓட்டியவர் என்று தெரிந்தால் மட்டும், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒழுங்கைக்குள் மட்டும் விடுங்கள்.

கமராக்கண் (பம்பலப்பிட்டி)

அக்கா, படம் எடுக்க நான் வருகிறேன், காசு வேண்டாம். காலை ஏழு மணி வெளிச்சம்தான் குரோமுக்கு நல்லது, மதிய வெயிலில் எல்லாம் வெள்ளையாகப் போய்விடும். வெளிநாட்டு இணைய ஏலங்களில், பிரிங் எ ட்ரெய்லர் போன்றவற்றில், ஒரு வண்டிக்கு நூற்றுக்கு மேல் படம் போடுகிறார்கள். துருவையும் கீறலையும் கிட்டப் போய் எடுத்துப் போடுகிறார்கள். குறையைப் பார்த்தவர் இதையே காட்டுகிறார்களே, மறைக்க வேறு என்ன இருக்கப் போகிறது என்று நினைப்பார். ஏலத்தை விட்டுவிடுங்கள், ஏலக்காரர் எழுதும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடியோவும் வேண்டும். வெட்டாமல் ஒரே எடுப்பாக. எஞ்சினில் கை வைத்துக் குளிராக இருக்கிறது என்று காட்டிவிட்டு கிக் அடிக்க வேண்டும். பிறகு பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சூட்டிலேயே திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மூத்தமகள்

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும். அம்மாவின் பெயருக்கு சிஆர் வந்துவிட்டது. மேக்டைனோவைத் திருத்தினோம். பிரியன் அண்ணா வீட்டுக்கு வந்து வால்வ் லிஃப்டரைப் பிடித்து எப்படி கிக் அடிப்பது என்று எங்களுக்கும் காட்டினார். ஆறாவது உதையில் பிடித்தது. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். சத்தம் கேட்டதும் அப்பா வேலையால் வந்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தாராம்.

விஎம்சிசி தாளும் வந்தது. இரண்டு எண்களும் பேரேட்டில் ஒரே வரியில் இருக்கின்றன, அனுப்பிய இடம் கொழும்பு!

விளம்பரத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன். தங்கச்சி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறாள். திருத்தம் சொல்லுங்கள்:

‘பிஎஸ்ஏ பி31, 350 சிசி, 1951, பிளஞ்சர் ஃபிரேம். புதிதாக வாங்கிய நாள் முதல் கொழும்பில் ஒரே குடும்பத்தில். இங்கிலிஷ் நம்பர். சிஆர் விற்பவரின் பெயரில், எண்கள் இரண்டும் சரி, தொழிற்சாலைப் பதிவின் பிரதி உண்டு. டாங்க், மட்கார்ட் பழைய நிறம், மறுபடி அடிக்கவில்லை. ஸ்டார்ட் ஆகும், வீடியோ உண்டு. குறைகள்: டாங்கின் அடியில் துரு, சைலன்சர் ஒரிஜினல் இல்லை, சீட் உறை மாற்றியது, ஸ்பீடோமீட்டர் ஓடாது, முன் ரயர் மாற்ற வேண்டும், டூல் செட் இல்லை. 2016 க்குப் பிறகு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை. ஓப்பன் பேப்பர் இல்லை. பெயர் மாற்றம் எங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். சனி, ஞாயிறு காலையில் பார்க்கலாம்.’

விலை என்ன போடுவது?

பஞ்சிகாவத்தை

அக்கா, பெயின்ட் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இந்த விளம்பரத்தை நானே நின்று வாசிப்பேன். டூல் செட்டை மட்டும் இன்னும் தேடிப் பாருங்கள். விட்வர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவுச் சாவிகள், பிஎஸ்ஏ முத்திரை இருக்கும். இப்போதைய மில்லிமீற்றர் சாவி அந்த நட்டுகளில் சரியாக உட்காராது, நட்டைத் தின்றுவிடும். ஒரிஜினல் சாவிகளுக்குத் தனியே ஆள் இருக்கிறது.

பி31பிரியன்

13 இலட்சம் போடுங்கள். 10 க்குக் கீழே இறங்காதீர்கள், அதை எவரிடமும் சொல்லவும் வேண்டாம். இப்போது ஓடும் ஜப்பான், இந்திய வண்டிகளின் விலையோடு ஒப்பிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரை ஏறிய விலை அது. உங்கள் வண்டி அந்தக் கணக்கில் வராது, புதிதாக இறக்கவும் முடியாது.

பழையவர்58

விளம்பரத்தில் ‘இங்கிலிஷ் நம்பர்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள் மகள். சேகரிப்பவர்கள் பார்க்கும் முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று. 1957 தொடக்கம் புதிதாகப் பதிந்த வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதை எதிர்த்து எங்கள் ஆட்கள் போராடினார்கள். 1958 இல் எண் தகடுகளில் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலில், பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த பண்டா செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். எனக்கு அப்போது எட்டு வயது. வீதியில் போகும் வண்டியின் எழுத்தைப் பார்த்துப் பயந்த காலம் அது. உங்கள் தாத்தாவின் வண்டி அதற்கு முன்னாலேயே பதிந்தது, அந்தத் தகட்டோடே நின்றிருக்கிறது. தகடு பழையதென்றால் கழற்றிப் புதிது போட விடாதீர்கள். படத்தில் இலக்கத்தை மறைத்தாலும் எழுத்தின் வடிவம் தெரியட்டும்.

மூத்தமகள்

ஐயா, தகடு தாத்தா காலத்தது, கையால் எழுதியது. படத்தில் சேர்த்துவிட்டேன்.

விளம்பரம் போட்டுப் பன்னிரண்டு நாள். ‘லாஸ்ட் பிரைஸ்?’ என்று மட்டும் கேட்டு வந்த செய்திகளை எண்ண முடியாது. உண்மையாக வந்து பார்த்தவர்கள் ஐந்து பேர். இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள்.

ஒருவர் 11,75,000 தருகிறேன் என்கிறார். அவர் வண்டியைக் கழற்றி பிஎஸ்ஏயின் பந்தய வண்டியான கோல்ட் ஸ்டார் மாதிரி செய்யப் போகிறாராம். டாங்க், மட்கார்ட் எல்லாம் மாறும். மற்றவர் இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சிங்களவர். மூன்று தரம் வந்துவிட்டார். ஒரு தரம் மனைவியையும் கூட்டி வந்தார். அவரால் 11 தான் முடியும். இப்படியே வைத்து ஓட்டுவேன் என்கிறார். வீட்டில் பழைய பிஎஸ்ஏ எம்20 ஒன்றும் வைத்திருக்கிறார்.

75,000 எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. வீடு மாறும் செலவுக்கு உதவும்.

ஈஸ்ட்ஹாம்

ஏலத்தில் விட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. கூடக் கேட்டவரிடம் போயிருக்கும், அவர் என்ன செய்வார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருந்திராது. பி31 ஐ கோல்ட் ஸ்டார் போலச் செய்வது இங்கே பல காலமாக நடக்கிறது, ஃபிரேம் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால். எண்ணைப் பார்த்தால் போலி என்று தெரிந்துவிடும். நல்ல பி31 ஒன்று குறையும், உண்மையான கோல்ட் ஸ்டார் ஒன்றும் கூடாது.

காலிவீதி

நான் கொஞ்சம் வேறு விதமாக நினைக்கிறேன். விற்ற பிறகு அது அவருடைய பொருள். இரத்மலானைக்காரரும் நாளைக்கு விற்கலாம். அம்மாவின் தேவையை முதலில் பாருங்கள் அக்கா. 75,000 ஐ விட்டுக்கொடுத்து மனவருத்தப்படவும் கூடாது, வாங்கி மனவருத்தப்படவும் கூடாது. அம்மாவிடமே கேளுங்கள், வண்டி அவருடைய பெயரில்தானே இருக்கிறது.

பி31பிரியன்

காலிவீதி சொன்னது சரி. அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் இரத்மலானைக்காரரிடம் உங்கள் நிலைமையையும் சொல்லிப் பாருங்கள். மூன்று தரம் வந்தவர் இன்னும் கொஞ்சம் ஏறுவார்.

மூத்தமகள்

விற்றுவிட்டோம்.

அம்மா ஒரு சொல்லும் யோசிக்கவில்லை. ஓட்டுகிறவருக்குக் கொடு என்றார். இரத்மலானை ஐயாவிடம் மற்றவர் சொன்ன விலையை மறைக்காமல் சொன்னேன். அடுத்த நாள் 11,40,000 என்று சொன்னார், அதற்கு மேல் முடியாது என்றார். சரி என்றோம். வங்கியில் காசு கணக்கில் ஏறியதும் அங்கேயே இருந்து படிவங்கள் நிரப்பினோம். புதுக்கடை ஐயா எழுதித் தந்த ஒப்படைப்புக் கடிதத்தில் திகதியும் நேரமும் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து. அடுத்த கிழமையே பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டார், ரசீதின் படத்தையும் அனுப்பினார்.

வண்டியை லொறியில் ஏற்ற வேண்டாம், ஓட்டிக்கொண்டே போகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் வீதியில் இறக்கக் கூடாது என்று தங்கச்சி மறித்துவிட்டாள். லொறியில்தான் போனது. ஒழுங்கை முடியும் வரை அம்மா வாசலில் நின்றார்.

பஞ்சிகாவத்தை அண்ணா, நேற்று வீட்டுச் சாமான் கட்டும்போது அம்மாவின் பழைய தையல் மெசின் பெட்டியின் அடித்தட்டில் ஒரு தோல் சுருள் இருந்தது. உள்ளே ஏழு சாவி, ஒரு ரயர் லீவர். மூன்றில் பிஎஸ்ஏ என்று அடித்திருக்கிறது. விளம்பரத்தில் இல்லை என்று எழுதி விற்றதால் தனியாக விற்கலாம் என்று தங்கச்சி சொன்னாள், பிறகு அவளே வேண்டாம் என்றாள். ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஞாயிறு காலை வண்டியிலேயே வந்து எடுத்துக்கொள்கிறாராம். அனுமதிப்பத்திரம் எடுத்தாயிற்று என்றார்.